ஆகாரம் யார் கொண்டு வந்தது

மடியில் விடைத்தாள் கட்டு இருக்கிறதே, நீங்கள் டீச்சர்தானே? நல்லதாகப் போயிற்று. எனக்கு இங்கிலீஷில் நாலு வரி எழுதித் தர வேண்டும். இந்தப் போனில்தான். நாகர்கோவில் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இந்த பஸ் போகிற போக்குக்கு அதற்கு மேலும் ஆகும். நிதானமாகவே எழுதலாம்.

எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எட்டாம் வகுப்பு முடித்தவள். ஆனால் இது சுடச்சுட எழுத வேண்டிய கடிதம். சூடான இங்கிலீஷ் எனக்கு வராது. இந்த மைக் படத்தை அமுக்கிப் பேசியே அனுப்பலாம் என்று அண்ணன் மகள் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். குரலைக் கேட்டால் அந்தப் பெண் எதையாவது கண்டுபிடிப்பாள். எழுத்து என்றால் எழுத்தோடு முடிந்தது.

யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். மல்க்கா என்று ஒருத்தி. இஸ்ரேலில் இருக்கிறாள், யூதப் பெண். அவளுடைய அம்மாவை நான் அஞ்சு வருஷம் நாலு மாதம் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மா செத்துப்போய் நான் திரும்பி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் இவளிடமிருந்து செய்தி வரும், நான் பதில் போட மாட்டேன். இப்போது என் அண்ணன் தாசையன் தவறிவிட்டார். பதினேழு நாள் ஆகிறது. நேற்று பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து, இன்றைக்குத்தான் அருமனையிலிருந்து என் வீட்டுக்குத் திரும்புகிறேன். அண்ணன் மகள் என் போனில் ஸ்டேட்டஸாக அவர் படத்தைப் போட்டிருந்தாள். அதை இவள் பார்த்திருக்கிறாள். மறுநாளே குரலை அனுப்பிவிட்டாள். என்ன சொன்னாள் தெரியுமா?

"சொர்ணா, ஞான் அறிஞ்ஞு. நினக்கு ஆகாரம் ஆரு கொண்டு வந்நு?"

அவ்வளவுதான். எப்படிச் செத்தார் என்று கேட்கவில்லை, என்ன வயசு என்று கேட்கவில்லை. உனக்குச் சாப்பாடு யார் கொண்டு வந்தார்கள் என்று கேட்கிறாள். சாவு வீட்டில் துட்டி கேட்கிற லட்சணமா இது? நான் என்ன சோற்றுக்கு வழியில்லாமல் கிடக்கிறேனா? இதற்குத்தான் பதில். இனிமேல் அவள் எனக்குச் செய்தி அனுப்பவே கூடாது. அப்படி எழுத வேண்டும்.

முழுக் கதையும் தெரிந்தால்தான் உங்களுக்குச் சரியான வார்த்தை வரும். கேளுங்கள்.

அவர்கள் கொச்சிப் பக்கத்து யூதர்கள். அந்த அம்மா, சிப்போரா என்று பேர், நான் அம்மச்சி என்று கூப்பிடுவேன், சின்ன வயசிலேயே இங்கிருந்து கப்பலேறிப் போனவர். கடைசிக் காலத்தில் அந்த ஊர் பாஷை முழுக்க மறந்துவிட்டது. மலையாளம் மட்டும் மிச்சம். பிள்ளைகளுக்கு அது அரைகுறை. அதனால்தான் மலையாளம் தெரிந்த ஆளாகத் தேடி என்னை எடுத்தார்கள். கேரள எல்லையில் வளர்ந்த அருமனைக்காரிக்கு மலையாளம் யாரும் சொல்லித் தர வேண்டாமே.

வீடு சுத்தமான வீடு, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் சட்டதிட்டம் கொஞ்சமில்லை. பாலுக்கு ஒரு பாத்திர வரிசை, இறைச்சிக்கு ஒரு வரிசை. கரண்டிகூட மாறக் கூடாது. சமைப்பது நான், ஆனால் அடுப்பைக் கொளுத்துவது மல்க்கா. அவள் அடுத்த வீட்டிலிருந்து வந்து கொளுத்திவிட்டுப் போவாள். யூதரல்லாத எங்கள் கை கொளுத்திய தீயில் வெந்தால் அவர்களுக்கு ஆகாதாம். முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. சரி, சமைத்ததைச் சாப்பிடுகிறார்களே என்று பொறுத்துக்கொண்டேன். சாப்பிட்டார்கள், அதை இல்லையென்று சொல்ல முடியாது. என் மரவள்ளிக் கிழங்குக்கும் மீன் குழம்புக்கும் மல்க்கா தட்டை வழித்து நக்குவாள்.

அம்மச்சி செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு. நான்தான் கஞ்சித்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி இறங்கியது, மூன்றாவது இறங்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. மத்தியானத்துக்குள் அடக்கம் பண்ணிவிட வேண்டுமாம். எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டும் என்று மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருப்போம், அது மரியாதை. இவர்களுக்கு உடம்பை வீட்டைவிட்டு அனுப்புவதில் அத்தனை அவசரம். குளிப்பாட்ட என்று நாலு பெண்கள் வந்தார்கள். அஞ்சு வருஷம் நான் குளிப்பாட்டிய உடம்பு. என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மல்க்காவும் என் பக்கத்தில் வெளியேதான் நின்றாள். பெற்ற பிள்ளை கூடாதாம். அது அவள் விதி, எனக்கென்ன?

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை எல்லாம் கொட்டினார்கள். சமையலுக்கு நான் நிறைத்து வைத்திருந்த மூன்று பானைத் தண்ணீர். பாலைவனத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீரைக் கொட்டுகிற புத்திசாலிகளை நான் அங்கேதான் பார்த்தேன். கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடினார்கள். மல்க்காவின் சட்டையைக் கழுத்தோரம் கிழித்துவிட்டார்கள். முந்தின நாள் நான் இஸ்திரி போட்டு வைத்த சட்டை.

கல்லறைக்குக் கிளம்பும்போது காரில் ஒரு இடம் விட்டு உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஏறவில்லை. எல்லாரும் போய்விட்டால் துட்டி வீட்டில் அடுப்பை யார் பார்ப்பது? அழுதுவிட்டு வருகிறவர்களுக்குப் பசிக்குமா பசிக்காதா? அவர்களுக்கு அந்த யோசனையே இல்லை. மல்க்கா காலையில் வெந்நீருக்குக் கொளுத்திய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதை அணையவிடாமல் கஞ்சியை ஏற்றினேன். இரண்டு கிலோ அரிசி, ஒரு கிலோ சிறுபயறு. தேங்காய் கிடைக்காத ஊரில், நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே தேங்காயை உடைத்துத் துவையல் அரைத்தேன். எங்கள் ஊரில் துட்டி வீட்டில் கஞ்சியும் பயறும்தானே, டீச்சர்? அம்மச்சிக்கும் அதுதான் பிடிக்கும்.

வந்தார்கள். வாசல் குழாயில் கை கழுவினார்கள். உள்ளே வந்தார்கள். மல்க்கா அடுக்களை வாசலில் நின்று பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தட்டை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டா சொர்ணா. இது இந்நு கழிக்கான் பற்றில்ல."

இன்றைக்கு இதைச் சாப்பிட முடியாதாம். தீயை நான் கொளுத்தவில்லையே என்றேன், காலையில் நீ கொளுத்தியதுதானே என்றேன். அதில்லை என்றாள். அடக்கம் முடிந்து வந்த முதல் சாப்பாடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், துக்கமுள்ளவர்கள் சொந்த வீட்டுச் சோற்றைத் தின்னக் கூடாது, அவளே சமைத்திருந்தாலும் அவள் தின்னக் கூடாது என்றாள். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள்.

"நீயும் வீட்டுக்காரியல்லே. நீ வச்சால் ஞங்ஙள் வச்ச போலேயா."

நானும் வீட்டுக்காரிதானாம், நான் சமைத்தால் அவர்கள் சமைத்த மாதிரியாம். எப்படி ஒரு சமாளிப்பு. அஞ்சு வருஷமாகத் தீப்பெட்டியைத் தொடவிடாதவள், சோற்றைத் தள்ள வேண்டிய நேரத்தில் என்னை வீட்டுக்காரி ஆக்கிவிட்டாள். எனக்கா தெரியாது? அன்றைக்கு வெளி ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் என் கை பட்டதைத் தின்னக் கூச்சம். அவ்வளவுதான் விஷயம். தட்டைத் திரும்ப அடுக்கி வைத்தேன். நான் பேசுகிறவள் இல்லை.

அப்புறம் வந்தது பாருங்கள், பெரிய விருந்து. ஹன்னா என்று எதிர்வீட்டுக்காரி. அவள் ஒரு சட்டியில் பருப்பு கொண்டு வந்தாள், வட்டமாக ரொட்டி கொண்டு வந்தாள், அவித்து உரித்த முட்டை கொண்டு வந்தாள். என் சிறுபயறு ஆகாது, அவள் பருப்பு ஆகும். முட்டையில் ஒரு கல் உப்பு இல்லை. ஏன் முட்டை என்று கேட்டேன். முட்டைக்கு வாய் இல்லையாம், துக்கப்படுகிறவருக்கும் பேச வாய் இல்லையாம். கேட்டீர்களா? தக்காளிக்கு மட்டும் வாய் இருக்கிறதா?

நான் எதையும் எண்ணிப் பார்க்கிறவள். தட்டில் முட்டை நாலு இருந்தது. துக்கமுள்ளவர்கள் மூன்று பேர்தான், மல்க்காவும் அவள் தம்பிமார் இரண்டு பேரும். கணக்குத் தெரியாதவள் என்று நினைத்தேன். ஹன்னா மூன்று பேர் கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். நாலாவதை என் முன்னால் நீட்டினாள். தட்டில் இல்லை, கையில். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மீந்ததை வேலைக்காரிக்குக் கொடுப்பது எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் எல்லாரும் பார்க்கக் கையில் கொடுப்பார்களா? வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டேன்.

உட்காருவதிலும் அதே கதை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி. துக்கமுள்ளவர்கள் தாழ்வான முக்காலியில் உட்கார வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு வழக்கம், சரி, உட்காரட்டும். மூன்று முக்காலி போட்டார்கள். நாலாவதைக் கொண்டுவந்து மல்க்காவுக்கு இடது பக்கம் போட்டு என்னை அதில் உட்காரச் சொன்னார்கள். வந்தவர்கள் எல்லாரும் மேலே, நான் கீழே. தாழ இருக்க வேண்டியவள் என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது? நான் சுவரோரம் நின்றேன். ஏழு நாளும் அந்த முக்காலியை யாரும் எடுக்கவில்லை என்று மல்க்கா பிறகு ஒரு செய்தியில் சொன்னாள். காலி முக்காலியை வைத்துக்கொண்டு என்ன செய்தார்களோ.

ஏழு நாள் என்றால் ஏழு நாள் வாசலைத் தாண்டக் கூடாது. சமைக்கக் கூடாது, பரிமாறக் கூடாது, தனக்கென்று ஒரு தம்ளர் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளக் கூடாதாம். நல்ல சொகுசு. ஆனால் அடுக்களையை யார் பார்ப்பார்கள்? நான்தானே? புதன்கிழமை காலையில் போகிறேன், ஹன்னாவும் இன்னும் இரண்டு பெண்களும் என் அடுக்களைக்குள் நிற்கிறார்கள். என் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டே வாங்கினாள் அந்த ஹன்னா. போய் உட்கார் என்றாள். அஞ்சு வருஷம் நாலு மாதம் நான் ஆண்ட அடுக்களை, டீச்சர். கிழவி போய் ஒரு நாள் ஆகவில்லை, என்னை வெளியேற்றியாகிவிட்டது.

வருகிறவர்களாவது மனுஷர் மாதிரி வருவார்களா? வணக்கமில்லை, விசாரிப்பில்லை. வந்து உட்காருவார்கள். துக்கமுள்ளவர்கள் வாய் திறக்கிறவரைக்கும் இவர்கள் திறக்கக் கூடாது. ஒருதரம் பத்தொன்பது பேர், நான் எண்ணினேன், சுவரைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம். அப்புறம் பேரீச்சம்பழம், திராட்சை, பலகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெபம் சொல்லித் தின்பார்கள். செத்தவர் ஆத்துமாவுக்கு நல்லதாம். தின்பது இவர்கள், நல்லது அவருக்கு. எழுந்து போகும்போது வரிசையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். மல்க்காவிடம் சொல்வார்கள், தம்பிமாரிடம் சொல்வார்கள், சுவரோரம் வந்து என்னிடமும் சொல்வார்கள். தண்ணீர் கேட்கிறார்கள் என்று நினைத்து நான் நாலு பேருக்குத் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன். கர்த்தர் உன்னைத் தேற்றுவாராக என்று அர்த்தம், மல்க்கா சொன்னாள். அதை வீட்டு ஆட்களிடமல்லவா சொல்ல வேண்டும்? என்னிடம் சொன்னால் அது கேலியா இல்லையா?

அன்றைக்குச் சாயங்காலம் மூத்த தம்பி எலியாகு, பட்டணத்தில் இருப்பவன், என்னுடைய விசா எந்தத் தேதிவரை என்று கேட்டான். அவன் ஒருத்தன்தான் அந்த வீட்டில் உள்ளதை உள்ளபடி பேசியவன். மல்க்கா அவனிடம் அவர்கள் பாஷையில் சத்தம் போட்டாள், முக்காலியைவிட்டு எழுந்துகூட விட்டாள். நல்லவள் வேஷம். மறுநாள் வியாழக்கிழமை காலையில் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அப்போது மல்க்கா என்ன செய்தாள் தெரியுமா? அழுதாள், கையைப் பிடித்தாள், எல்லாம் செய்தாள். ஆனால் வாசல்வரை வந்து நின்றுவிட்டாள். பஸ் நிற்கிற இடம் இருநூற்றுப் பத்து அடி. நான் நடந்து பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு அடி எடுத்து வெளியே வைக்கவில்லை. பஸ் வருகிறவரை வாசற்படியிலேயே நின்றாள். அஞ்சு வருஷம் அவள் அம்மாவைத் தூக்கிச் சுமந்தவளை பஸ் ஏற்றிவிட வராதவள் ஒரு பெண்ணா?

அந்தக் கஞ்சி இருக்கிறதே, அதை அவள் கொட்டவில்லையாம். உறைபெட்டியில் வைத்து, ஏழு நாள் முடிந்து எழுந்த அன்று முதல் சாப்பாடாக அதைத்தான் சாப்பிட்டாளாம். ஒரு வாரத்துக் கஞ்சி. பெருமையாகச் செய்தி வேறு அனுப்பினாள். எங்கள் ஊரில் மாட்டுக்கு வைக்கவும் யோசிப்போம்.

இப்போது எங்கள் அண்ணன் வீட்டைப் பாருங்கள். துட்டி வீடு என்றால் அப்படி இருக்க வேண்டும். சேதி வந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். அண்ணனைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் போகுமுன்பே மதினி சுகந்தி, "சொர்ணம் வந்துட்டா, இனி அடுக்களைக் கவலை இல்ல" என்றாள். அதுதான் உரிமை. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை, அகப்பையை வாங்கவில்லை. நேராக அடுக்களைக்குத்தான் போனேன். முதல் நாள் நூற்றிருபது பேருக்குக் கஞ்சி. அடக்கத்துக்கு எடுக்கும்போது சோற்றுப் பானை பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டு ஓடி வருகிறேன், வண்டி தெரு முக்கு திரும்பிவிட்டது. பின்பக்கத்து மாலை மட்டும் தெரிந்தது. முகம் பார்க்கவில்லை. அதனால் என்ன? நான் பானையைவிட்டு வந்திருந்தால் நூற்றிருபது பேர் அடிப்பிடித்த சோற்றைத் தின்றிருப்பார்கள். யாராவது அடுக்களையில் நிற்கத்தானே வேண்டும்?

பதினாறு நாள், ஒரு நாளைக்கு மூன்று வேளை, நாற்பத்தெட்டு வேளை. ஒரு வேளைகூடப் பிசகவில்லை. போதகர் ஐயாவே பயறு நன்றாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொல்லியனுப்பினார்.

சரி, தக்கலை தாண்டிவிட்டது. எழுதுங்கள். முதல் வரி, உன் செய்தி கிடைத்தது. இரண்டாவது வரி, எங்கள் ஊரில் துக்கம் நடந்த வீட்டில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். மூன்றாவது வரி, எனக்கு ஆகாரத்துக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாரும் கொண்டு வந்தார்கள். நாலாவது வரி, இனிமேல் செய்தி அனுப்ப வேண்டாம். எழுதிவிட்டீர்களா?

என்ன கேட்டீர்கள்? யார் யார் என்று பேர் போடவா? போடுங்கள், போட்டால்தான் உறைக்கும். ஆகாரம் கொண்டு வந்தது... சுகந்தி. சுகந்தி எப்படிக் கொண்டு வருவாள், அவள் தாலி அறுத்தவள். சுகந்தியுடைய தம்பி கொண்டு வந்தான், முதல் நாள் மத்தியானம், ஹோட்டலில் வாங்கி ஆறு பொதி. சுகந்திக்கு, பிள்ளைகள் இரண்டு பேருக்கு, மருமகனுக்கு, பேத்திமாருக்கு. ஆறு சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டு பிலோமினா பிளாஸ்கில் காப்பி கொண்டு வந்தாள். அது சுகந்திக்கு. சபைப் பெண்கள் ரொட்டியும் பழமும் கொண்டு வந்தார்கள், அது வந்தவர்களுக்கு, நான்தான் தட்டில் அடுக்கிக் கொடுத்தேன். அஞ்சாம் நாள் சாயங்காலம் எனக்கு ஒரு தட்டு சோறு... இல்லை. அது நான் போட்டுக்கொண்டது. பதினோராம் நாள்... பொறுங்கள். அதுவும் இல்லை.

நாற்பத்தெட்டு வேளையில் ஒன்றாவது இருக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

மூன்றாவது வரியை அழித்துவிடுங்கள். சொர்ணபாய் பொய் எழுதினாள் என்று இருக்க வேண்டாம். இப்படிப் போடுங்கள்: ஒருவரும் கொண்டு வரவில்லை. நாற்பத்தெட்டு வேளையும் நானே சமைத்தேன், நானே போட்டுத் தின்றேன். இதைப் பெருமையாகத் தெரிகிற மாதிரி எழுத வேண்டும் டீச்சர். என் வீட்டில் எனக்கு எவ்வளவு உரிமை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். உங்கள் இங்கிலீஷில் அதற்கு வார்த்தை இருக்கும், பார்த்துப் போடுங்கள். நாலாவது வரியா? முதலில் இது போகட்டும். அதைப் பிறகு தனியாக எழுதலாம். அனுப்பிவிடுங்கள்.

போய்விட்டதா? பார்த்துவிட்டாளா, அதற்குள்ளா?

அவள்தான். எடுக்காதீர்கள். அடிக்கட்டும். அங்கே இப்போது மத்தியானம், சாப்பாட்டு வேளை. தட்டை வைத்துவிட்டு எழுந்து போன் பேசுகிற ஜாதி. நின்றுவிட்டதா? நிற்கட்டும். அவளிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது?

மறுபடியுமா? வேண்டாம், மடியில் கவிழ்த்து வையுங்கள். பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டு தரம் ஆயிற்று. மூன்றாவது தரம் அடித்தால் எடுத்து நறுக்கென்று நாலு கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். மூன்றாவது அடித்தால்தான், அடிக்காவிட்டால் இல்லை.

இந்த பஸ் இரைச்சலில் எனக்குக் காது கேட்கவில்லை. திருப்பிப் பாருங்கள் டீச்சர், அடிக்கிறதா?